மலைநாட்டு நூதனசாலையும் புத்தளக் கரையின் தொல்சுவடுகளும்

வரலாறு என்பது மன்னரின் ஆட்சியாண்டுகளோடும் போர்களோடும் தொடங்குவதன்று. மன்னர் தோன்றுமுன் மக்கள் இருந்தனர். மக்கள் தோன்றுமுன் விலங்கும் மரமும் இருந்தன. அவை தோன்றி மறைவதற்குக் களமாக நிலமும் கடலும் இருந்தன. இந்நெடிய தொடர்ச்சியைப் பொதுமக்கள் கண்ணாற் கண்டு அறிந்துகொள்வதற்கென அமைந்த இடமே இயற்கை வரலாற்று நூதனசாலையாகும். இலங்கையில் இத்தகைய சான்றுகளைக் காணத்தக்க நிலையம் ஒன்று மலைநாட்டின் அடிவாரத்திலே, இரத்தினபுரியில் அமைந்துள்ளது. அங்கு வைக்கப்பட்டுள்ள பொருள்கள் எழுப்பும் வினாக்கள் சிலவற்றுக்கு விடை தேடப் புகுவோர், அங்கிருந்து வெகு தொலைவிலுள்ள புத்தளக் கரைக்கே செல்லவேண்டியவராகின்றனர். ஆயின் அக்கரையிலே தேசிய நூதனசாலைத் திணைக்களத்தின் கிளை ஒன்றேனும் இல்லை. அங்குள்ள சான்றுகளும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. மலையையும் கரையையும் ஒருங்குவைத்து ஆராய்வதும், கரையின் சான்றுகளுக்கு நேர்ந்துள்ள நிலையை எடுத்துக்காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூதனசாலையின் தோற்றம்

இலங்கையில் நூதனசாலை இயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றியது. றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையினர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரி கொழும்பில் நூதனசாலை ஒன்றை நிறுவ முன்வந்தார். சிமிதர் வரைந்த திட்டத்துக்கு அமைய, வாப்பிச்சி மரிக்கார் என்னும் இலங்கை முஸ்லிம் ஒப்பந்தக்காரர் கட்டிமுடித்த அம்மாளிகை 1877ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. கல்வெட்டும் படிமமும் வைக்கப்பட்ட அதே கூரையின் கீழ்ப் பறவையும் பாம்பும் மீனும் வைக்கப்பட்டன. 1903ஆம் ஆண்டு முதல் இந்நூதனசாலை வெளியிட்டுவந்த 'ஸ்போலியா சைலனிக்கா' என்னும் ஆய்விதழ், தீவின் உயிரினங்கள் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது. இயற்கை வரலாற்றுக்கெனத் தனிக்கட்டடம் கொழும்பில் 1986ஆம் ஆண்டிலேயே அமைந்தது.

இத்துறையில் மறக்கவொண்ணாத பெயர் பி. இ. பி. தெரணியகல என்பதாகும். 1900ஆம் ஆண்டு பிறந்து 1976ஆம் ஆண்டு மறைந்த இவர், 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். கடலாமை, முதலை, யானை என்பன பற்றி விரிவாக எழுதிய இவரது பேருழைப்புப் பெரும்பாலும் சப்பிரகமுவ மாகாணத்தின் மாணிக்கக்கல் அகழிகளைச் சுற்றியே நிகழ்ந்தது எனலாம்.

இரத்தினபுரியிற் காணத்தக்கவை

இரத்தினபுரித் தேசிய நூதனசாலை எஹலபொல வளவு என்னும் பழைய மாளிகையில் அமைந்துள்ளது. கண்டியின் இறுதி மன்னன் காலத்திலே சப்பிரகமுவையின் திசாவையாக விளங்கிய எஹலபொலையின் பெயரால் வழங்கும் இம்மாளிகையுட் புகுவோர், அணிகலன், படைக்கலன் முதலியவற்றோடு தொல்விலங்குகளின் எச்சங்களையும் காண்கின்றனர். இன்று இத்தீவில் எங்கும் காணவியலாத நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் ஒருகாலத்தில் இங்கு வாழ்ந்தன என்னும் செய்தி, பார்வையாளரை வியப்பில் ஆழ்த்துவதாகும்.

இவ்வெச்சங்கள் கிடைத்த முறை ஈண்டுக் கருதத்தக்கது. இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் தேடுவோர் வயலையும் ஆற்றோரத்தையும் ஆழத் தோண்டி, களிமண்ணுக்குக் கீழேயுள்ள பரற்படையை அடைவர். 'இல்லம்' எனப்படும் அப்பரற்படையை மேலே கொணர்ந்து, கூடையிலிட்டு நீரில் அரித்து, கற்களைப் பிரித்தெடுப்பர். அவ்வாறு தோண்டும்போது மாணிக்கத்தோடு எலும்பும் பல்லும் வெளிவந்தன. அகழ்வோருக்கு அவை பயனற்றவை. தெரணியகல அவற்றைச் சேகரித்து, இனங்கண்டு, பெயரிட்டு விவரித்தார். குருவிற்றைப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டே இலங்கையில் வாழ்ந்தழிந்த சிங்க இனம் ஒன்றை அவர் 1939ஆம் ஆண்டு வரையறுத்தார். பொருளீட்டும் தொழிலொன்றின் கழிவிலிருந்து ஒரு நாட்டின் தொன்மை மீட்கப்பட்டமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

எனினும் இச்சான்றுகளுக்கு ஒரு குறைபாடும் உண்டு. பரற்படை என்பது ஆறு அடித்துவந்து குவித்தது. வெவ்வேறு காலத்துப் பொருள்கள் அதிலே கலந்து கிடத்தல் கூடும். ஆகவே ஓர் எலும்பு எக்காலத்தது என அறுதியிடுவது கடினமாகின்றது. பொருள் கிடைத்தும் அது கிடந்த ஒழுங்கு கிடைக்காவிடின், வரலாறு அரைகுறையாகவே எஞ்சும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டே புத்தளக் கரையை நோக்குதல் வேண்டும்.

மலையின் கல்லும் கரையின் கல்லும்

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. மலைநாடு முழுவதும் இப்பாறைகளே. நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்ட இக்கற்களில் உயிர்ச்சுவடுகளைக் காணல் இயலாது. மலை பழைமையானது, ஆயினும் உயிர்களைப் பற்றி அது பேசுவதில்லை. இரத்தினபுரியிற் கிடைத்த எலும்புகளும் பாறையினுள் இருந்தவை அல்ல, பிற்காலத்து ஆற்றுப் படிவுகளில் இருந்தவையே.

உயிர்களின் கதையைக் கூறும் கற்படைகள் இத்தீவின் வடக்கிலும் வடமேற்கிலுமே பெரிதும் அமைந்துள்ளன. அவற்றுள்ளும் புத்தள மாவட்டத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. யுராசிக் காலத்துத் தாவரச் சுவடுகள், மயோசீன் காலத்துக் கடல்வாழ் உயிர்ச்சுவடுகள், கற்கால மனிதனோடு தொடர்புடைய செம்மண் படைகள், இரும்புக்காலத்துத் தாழிகள் ஆகிய நான்கும் ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள், சில மணிநேரப் பயணத் தொலைவிலே அமைந்துள்ளன. கொழும்பு நூதனசாலையின் கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக அடுக்கிக் காட்டவேண்டியதை, இம்மாவட்டத்தில் இயற்கையே வரிசைப்படுத்தி வைத்துள்ளது எனின் மிகையாகாது.

தப்போவையின் இலைகள்

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் வீதியையொட்டித் தப்போவைக் குளம் அமைந்துள்ளது. இக்குளத்தை அண்டிய பகுதியிலே, பழம்பாறைகளுக்கிடையே பிளவுற்றுத் தாழ்ந்த சிறு வடிநிலம் ஒன்றில், மணற்கல்லும் களிக்கல்லும் படைபடையாகக் காணப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் கனிப்பொருள் அளவையிற் பணியாற்றிய வெயலண்ட் என்னும் புவிச்சரிதவியலாளர் இப்படைகளை ஆராய்ந்தார். இங்குக் கிடைத்த தாவரச் சுவடுகளைக் கேம்பிறிட்சுப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் சூவாட் என்பாரும், பின்னாளிற் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கிய ஹோல்ட்டம் என்பாரும் ஆராய்ந்து, அவை யுராசிக் காலத்தன என 1922ஆம் ஆண்டு அறிவித்தனர். இதே காலத்துப் படைகள் மாவட்டத்தின் தென்பகுதியிலே ஆண்டிகம, பள்ளம ஆகிய இடங்களிலும் பின்னர் அறியப்பட்டன.

யுராசிக் காலம் என்பது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. அக்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்னும் பெருநிலத்தின் கூறுகளாயிருந்தன. தப்போவையிற் கிடைத்த பன்னங்களும், மடுப்பனையை ஒத்த தாவரங்களும், கூம்புகாய் மரங்களும் இந்தியாவின் இராசமகால் குன்றுகளிலும், தமிழ்நாட்டிலே சிறீபெரும்புதூர்ப் பகுதியிலும் கிடைத்த சுவடுகளோடு உறவுடையவை. பாக்குநீரிணை என ஒன்று தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரு கரையிலும் ஒரே காடு தழைத்திருந்தது என்பதற்கு இவ்விலைகள் சான்று பகர்கின்றன.

சுண்ணக்கல்லிற் பதிந்த கடல்

தப்போவையின் காட்டை அடுத்து வருவது கடல். மயோசீன் காலத்திலே, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையின் வடமேற்குப் பகுதியைச் சூடான ஆழமற்ற கடல் மூடியிருந்தது. அக்கடலின் அடியிற் சிப்பியும் சங்கும் பவளமும் கடல் முள்ளெலியும், கண்ணுக்கு அரிதாகத் தோன்றும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியமையே இன்று யாழ்ப்பாணச் சுண்ணக்கல் எனப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொடங்கும் இக்கற்படை மன்னார் வழியாகத் தெற்கே வந்து, புத்தள மாவட்டத்தின் காரைதீவு, அறுவாக்காடு ஆகிய இடங்களில் வெளித்தோன்றுகின்றது. வெயலண்டும் டேவிசும் இதுபற்றி 1923ஆம் ஆண்டு விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இச்சுண்ணக்கல்லிற் காணப்படும் நுண்ணுயிர் ஓடு ஒன்று, கேரளத்துக் கொல்லம் பகுதியின் சுண்ணக்கல்லிலும் காணப்படுகின்றது. அது மலபாரின் பெயரையே தன் அறிவியற் பெயரிற் கொண்டுள்ளது. யாழ்ப்பாணமும் புத்தளமும் கொல்லமும் ஒரே கடலின் கரைகளாயிருந்தமை இதனாற் புலனாகின்றது.

இப்படைகளுக்கும் இரத்தினபுரியின் பரற்படைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. சுண்ணக்கல்லில் உயிர்கள் வாழ்ந்து மடிந்த இடத்திலேயே, முன்னது கீழும் பின்னது மேலுமாக, ஒழுங்கு குலையாது கிடக்கின்றன. எனவே மலைநாட்டு அகழிகள் தரவியலாத காலவொழுங்கைக் கரையின் கற்படை தரவல்லது.

செம்மண்ணும் தாழியும்

சுண்ணக்கல்லின் மேல் செம்மண் போர்த்துள்ளது. குதிரைமலை முனையிலே கடலை நோக்கி நிற்கும் செந்நிறச் சரிவுகள் கடலோடிகளின் கண்ணை ஈர்ப்பன. இத்தகைய செம்மண் படைகளின் அடியிலுள்ள பரற்களிற் கற்கருவிகள் கிடைப்பதை வெயலண்டே முதலில் எடுத்துக்காட்டினார். தீவின் வடக்கில் இரணைமடுவின் பெயராலும், தெற்கில் புந்தலைப் பகுதியிலும் அறியப்பட்ட இப்படைகளை ஆராய்ந்த சிரான் தெரணியகல, தெற்கிற் கிடைத்த சான்றுகளைக் கொண்டு மனித வாழ்க்கை இத்தீவில் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கருதினார். இவர் நூதனசாலைப் பணிப்பாளர் தெரணியகலவின் மைந்தர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மலைக்கும் கரைக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்தே தெளிவாகின்றது. பனியுகங்களிற் கடல்மட்டம் தாழ்ந்தபோது, இலங்கையின் வடமேற்குக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே நிலத்தொடர்பு ஏற்பட்டது. அது இறுதியாக அறுந்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரேயாகும். இரத்தினபுரி நூதனசாலையில் எலும்பாக எஞ்சியுள்ள சிங்கமும் காண்டாமிருகமும் அந்நிலப்பாலத்தின் வழியாகவே இத்தீவை அடைந்திருத்தல் வேண்டும். மலையடிவாரத்தில் வாழ்ந்த தொன்மனிதரும் கரையை அறியாதவரல்லர். குருவிற்றை அருகே பட்டதொம்பலெனக் குகையில் நடைபெற்ற அகழ்வுகளில், கடற்சிப்பியாற் செய்த மணிகள் கிடைத்துள்ளன. உள்நாட்டுக் காட்டில் வாழ்ந்தோர் கடற்கரையோடு தொடர்பு கொண்டிருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மாவட்டத்தின் நான்காம் ஏடு பொன்பரப்பி ஆகும். சிங்களத்திற் பொம்பரிப்பு என வழங்கும் இவ்விடத்திலே இரும்புக்காலத்து முதுமக்கட்டாழிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தொல்லியல் ஆணையாளராயிருந்த ஹோக்காட் 1920களிலும், பி. இ. பி. தெரணியகல முதலியோர் 1956ஆம் ஆண்டிலும், விமலா பெக்லி தலைமையிலான குழுவினர் 1970ஆம் ஆண்டிலும் இங்கு அகழ்வு நடத்தினர். இங்குக் கிடைத்த தாழிகளும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் எதிர்க்கரையிலே தாமிரபருணி ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் பொருள்களை ஒத்துள்ளன என ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இயற்கை வரலாற்றின் இறுதி ஏடும் மானிட வரலாற்றின் முதலேடும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவாகும். இத்தாழிகளை இன்றைய இனப்பெயர்களுக்கு ஆவணமாகக் காட்ட விழைவோர் இருதிறத்தும் உளர். ஆயினும் இரு கரை மக்களும் இறந்தோரைப் பேணிய முறையில் ஒன்றுபட்டிருந்தனர் என்பதே தாழி கூறும் உறுதியான செய்தி. அதற்கு மேலும் அதனைப் பேசவைக்க முனைவது ஆய்வாளனுக்கு அழகன்று.

எழுத்திற் பதிந்த கரை

எழுத்துச் சான்றுகளும் இக்கரையைப் புறக்கணித்தனவல்ல. உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்திற் காற்றால் அலைக்கழிக்கப்பட்ட ஒருவன் இலங்கையில் 'ஹிப்பூரோஸ்' என்னும் துறையை அடைந்ததாகப் பிளினி எழுதியுள்ளார். கிரேக்க மொழியிற் குதிரையைச் சுட்டும் சொல்லோடு தொடர்புடைய இப்பெயரைக் கொண்டு, அத்துறை குதிரைமலையே எனக் கொண்டாரும் உளர். 1344ஆம் ஆண்டு இங்கு வந்த இபுனு பத்தூத்தா, 'பத்தாளா' எனத் தாம் குறிப்பிடும் புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார்; கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்துகிடக்கக் கண்டார். பாவாத மலையைத் தரிசிக்க விரும்பிய அவருக்கு மன்னன் துணையாட்களை அளித்து வழியனுப்பினான். கரையிலிருந்து மாணிக்கம் விளையும் மலைநாட்டை நோக்கிச் சென்ற அப்பயணம், இக்கட்டுரை கூறும் இரு நிலங்களையும் இணைத்துக் காட்டும் பழைய விவரணமாகும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் தமதாக்கும் வரை, புத்தளம் கண்டி இராச்சியத்தின் துறைகளுள் ஒன்றாகவே விளங்கிற்று. மலைநாட்டார்க்கு வேண்டிய உப்பு இத்தகைய கரைகளிலிருந்தே சென்றது.

இக்கரையை உள்ளிருந்தே நோக்கி எழுதியவர் சைமன் காசிச்செட்டி. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்த இவர், புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றியவர். 1834ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட இலங்கைப் பெயரகராதி, தீவின் ஊர்களையும் விளைபொருள்களையும் மக்களையும் தொகுத்துக் கூறுவது. தமிழ்ப் புலவர் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என 1859ஆம் ஆண்டு தொகுத்தளித்தவரும் இவரே. பெரும் நூலகமோ நூதனசாலையோ இல்லாத ஓர் ஊரிலிருந்துகொண்டு, தம்மைச் சூழ்ந்தவற்றை மறையுமுன் பதிந்துவைத்தல் வேண்டும் என அவர் உணர்ந்தமை இன்றைய தலைமுறைக்கு வழிகாட்டியாகும்.

அழியும் ஏடுகள்

சுதந்திர இலங்கையின் கைத்தொழில் வளர்ச்சிக்குச் சீமெந்து இன்றியமையாததாயிற்று. 1950ஆம் ஆண்டு காங்கேசன்துறையிலும், 1970ஆம் ஆண்டளவிற் புத்தளத்தை அடுத்த பாலாவியிலும் சீமெந்து ஆலைகள் எழுந்தன. பாலாவி ஆலைக்கு வேண்டிய சுண்ணக்கல் அறுவாக்காட்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, புகையிரதம் மூலம் கொண்டுசெல்லப்படலாயிற்று. சுண்ணக்கல்லை அடைவதற்கு முன் அதன்மேற் கிடக்கும் செம்மண் அகற்றப்படுகின்றது. ஆகவே கற்கால மனிதனின் சுவடு இருக்கத்தக்க ஏடும், மயோசீன் கடலின் ஏடும் ஒருங்கே கிழிபடுகின்றன. பின்னர் சுண்ணக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்ட நிலப்பகுதியிலேயே கொழும்பு மாநகரின் குப்பையைக் கொட்டுவதற்கான திட்டம் வகுக்கப்பட்டது. புத்தளத்து மக்கள் பல சமயத்தவரும் கூடி நின்று எதிர்ப்புத் தெரிவித்த போதும், 2019ஆம் ஆண்டு குப்பை கொண்டுவரப்படலாயிற்று. அம்மக்கள் முதன்மையாக எடுத்துரைத்தவை நீரும் காற்றும் உடல்நலமும் பற்றிய அச்சங்களாகும். அந்நிலத்தினுள் இருப்பது எது என்னும் வினாவும் அவற்றோடு சேர்த்து எழுப்பப்படவேண்டியதே.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். சீமெந்தின்றி வீடில்லை, பாலமில்லை, பாடசாலையுமில்லை; சிப்பிச் சுவடுகளுக்காக ஓர் ஆலையை மூடுவதா என வினவலாம். இவ்வினா நியாயமானதே. அகழ்வே முற்றாகத் தீங்கானது எனக் கொள்வதும் பொருந்தாது. மாணிக்க அகழி தோண்டப்படாதிருப்பின் இரத்தினபுரியின் நீர்யானையை எவரும் அறிந்திரார். அவ்வாறே அறுவாக்காட்டின் அகழிச்சுவர் நிலத்தின் உட்படைகளைக் கண்ணுக்குப் புலப்படுத்துகின்றது. வேறுபாடு அகழும் வேகத்திலும், அருகே நின்று பார்ப்போரிலும் உள்ளது. மாணிக்கம் தேடுவோன் கூடை கூடையாக அரித்துப் பார்க்கின்றான். அவன் கையிலிருந்து எலும்பு தப்புவதில்லை. வெடியும் இயந்திரமும் அவ்வாறு பார்ப்பதில்லை. ஒரு நாளில் ஆலைக்குட் புகும் சுண்ணக்கல்லில் எத்தனை சுவடுகள் தூளாகின்றன எனக் கணக்கிடுவார் யாருமிலர்.

ஆகவே வேண்டற்பாலன சிலவே. அகழ்ந்து முடிந்த சுவர்களுள் ஒன்றையேனும் மூடாது, படையொழுங்கு தெரியும்படி பேணுதல் வேண்டும். அகழ்வு நடைபெறும் காலத்துப் பல்கலைக்கழகப் புவியியல், தொல்லியல் துறை மாணவர் முறையாகச் சென்று பதிவு செய்வதற்கு வழிவகுத்தல் வேண்டும். புத்தளம் நகரிலோ கற்பிட்டியிலோ சிறு நூதனசாலை ஒன்று அமைந்து, தப்போவையின் இலைச்சுவடும், அறுவாக்காட்டின் சிப்பியும், குதிரைமலையின் செம்மண்ணும், பொன்பரப்பியின் தாழியும் ஒரே கூடத்திற் காலவரிசையில் வைக்கப்படல் வேண்டும். அவற்றின் விளக்கக் குறிப்புகள் அக்கரை மக்களின் மொழிகளான தமிழிலும் சிங்களத்திலும் அமைதல் இன்றியமையாதது. தப்போவையின் இலைகளுக்குக் கேம்பிறிட்சில் அறிவியல் விளக்கம் கிடைத்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அக்குளத்து நீரில் வயல் விதைக்கும் குடும்பத்துப் பிள்ளை அவ்விளக்கத்தைத் தன் மொழியில், தன் ஊரிலே கற்பதற்கான வாய்ப்பு இன்னும் ஏற்படவில்லை.

முடிவுரை

இரத்தினபுரி நூதனசாலையின் எலும்புகள் ஒரு காலத்திற் சேற்றோடு எறியப்பட்டவை. அவற்றைப் பொருட்படுத்திக் குனிந்து எடுத்தவர் ஒருவர் இருந்தமையாலேயே இன்று மலைநாட்டுக்கு ஒரு தொன்மை உண்டு. புத்தளக் கரையின் தொன்மை அதனினும் நீண்டது. சான்றுகளும் ஒழுங்கு குலையாதவை. யுராசிக் காட்டில் தொடங்கித் தாழி வரை வரும் அந்நெடுங்கதையைச் சொல்வதற்கு வேண்டிய எல்லாம் அங்கு உள்ளன. அவற்றை எடுத்துவைப்பதற்கு ஓர் இல்லம் மட்டுமே இல்லை. ஆலைக்குச் செல்லும் ஒவ்வொரு புகையிரதமும் அக்கதையின் சில வரிகளைச் சுமந்து செல்கின்றது. எஞ்சிய வரிகளையாவது படித்துப் பதிந்துவைத்தல், கற்பிட்டியிற் பிறந்த காசிச்செட்டியின் வழிவந்தோர் எனப் பெருமை கொள்ளும் அனைவருக்கும் உரிய கடமையாகும்.